பூ வாரத்துச் சட்டம்

காலை ஏழே காலுக்கு அக்காவிடமிருந்து போன். அந்த நேரத்தில் அவள் கூப்பிட்டால் ஒன்று குழாயில் தண்ணீர் வராது, இல்லையென்றால் மூக்குக்கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பாள். அவள் வீட்டுக் கண்ணாடியை நான் என் வீட்டிலிருந்து எப்படித் தேடுவது என்று ஒரு நாள் கூட அவளுக்குத் தோன்றியதில்லை.

"பூத்திருக்கா?" என்றாள்.

"எது?"

"எதுன்னு கேக்குறா பாரு. தோட்டம்டி. பூத்திருக்கா?"

பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நாற்பத்திரண்டு வருஷம்! ஒவ்வொரு வருஷமும் தோட்டம் பூக்கிற பூ வாரத்தில் நான் அங்கே கூப்பிடுவேன், அவள் ஒரு சாக்குச் சொல்வாள். மருந்துக்கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள், மகளுக்குப் பரீட்சை, முட்டிவலி, மகரந்தம் ஒத்துக்கொள்ளாது. மகரந்தமாம்! முப்பது வருஷம் மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று ஊருக்கெல்லாம் தும்மல் மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் சொல்கிற சாக்கா அது? கடைசியில் நான் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன். இப்போது அவளே கேட்கிறாள், அதுவும் ஊரைவிட்டுப் போக மூன்று நாள் இருக்கும்போது.

"முந்தாநாள் அந்தப் பக்கம் போனப்ப எட்டிப் பாத்தேன். முக்கால்வாசி வந்திருந்துச்சு. இன்னிக்கு முழுசா இருக்கும்."

"கூட்டிட்டுப் போறியா?"

"பத்து மணிலேருந்து ரெண்டு கிளாஸ் இருக்கு..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். "அது கிடக்குது. பத்து மணிக்கு ரெடியா நில்லு. காக்க வெச்சேன்னா ஹாரன் அடிச்சுத் தெருவையே கூட்டிடுவேன்."

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர் ஓட்டும் காரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்துப் பிழைக்கிறேன். என்னிடம் கற்றுக்கொள்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருக்கும் பெயர் அணுகுண்டு. தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் என்னிடம் கற்றவர்கள் யாரும் இதுவரை சுவரில் போய் மோதியதில்லை.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அத்தான் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவள் மகள் இருப்பது பதினோரு மணி நேரம் விமானத்தில் பறந்தால் வரும் ஊர். அம்மா தனியாக இருக்கிறாளே என்று அவளுக்குக் கவலை. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் சமையலறையில் கப் கழுவிக்கொண்டே அக்கா சொன்னாள்: "பொண்ணு வந்துடு வந்துடுன்னு சொல்றா. இந்த வீட்டக் காலி பண்ணிட்டு ஒரேயடியா அங்கயே போய்டலாம்னு பாக்குறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தாராளமாப் போயேன். உன்னை இங்க யாரு கட்டிப் போட்டிருக்கா?" என்றேன்.

அதோடு விட்டேனா? பெட்டி நிறுக்கும் தராசு ஒன்று வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அவள் பாத்திரங்களை அட்டைப் பெட்டிகளில் அடுக்கி டேப் ஒட்டினேன். ஒவ்வொரு முறை டேப்பைக் கிழிக்கும்போதும், போகாதேன்னு சொல்லு, சொல்லித் தொலையேன் என்று எனக்குள்ளேயே கத்திக்கொள்வேன். வாய் வராது. திட்டுவதென்றால் எனக்கு வார்த்தை அருவியாகக் கொட்டும். ஒன்றை வேண்டும் என்று கேட்கத்தான் தெரியாது. அக்கா போய்விட்டால் இந்த ஊரில் என்னை 'ஏய்' என்று கூப்பிட ஒரு ஆள் இல்லை.

அதனால்தான் அந்த போன் வந்ததும் எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. தோட்டத்தில் வைத்துச் சொல்லிவிடலாம். அங்கே எதை வேண்டுமானாலும் சொல்லலாம். எங்கள் வீட்டுச் சட்டம் அப்படி.

அந்தச் சட்டம் பிறந்ததே என்னால்தான். அப்போது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினாலு. அப்பா இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி, பழைய நூலகத்துக்கும் ஒரு வங்கியின் பின்சுவருக்கும் நடுவில் இந்தத் தோட்டம். பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் நேராக இங்கே வந்துவிடுவோம், அம்மா வேலை முடிந்து வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போவாள். வருஷத்தில் ஐம்பது வாரம் அது சும்மா ஒரு தோட்டம். மிச்சமிருக்கிற நாட்களில் இளஞ்சிவப்பாக ஒரே பூ. பன்னிரண்டு நாள், மழை பெய்தால் எட்டே நாள். நாங்கள் அதற்குப் பூ வாரம் என்று பெயர் வைத்திருந்தோம். மூலையிலிருந்த பெரிய மரம் எங்களுடையது. அதன் கீழே ஒரு பலகையில் வாயில் நுழையாத ஒரு பெயர் எழுதியிருக்கும். அம்மா அதைப் படிக்க முயன்று தோற்றுப்போய் 'அவரு' என்றுதான் மரத்தைச் சொல்வாள். "அவரு பூத்துட்டாரா?" என்பாள்.

அந்த வருஷம் அம்மாவின் தெர்மாமீட்டரை எடுத்துக் கொதிக்கிற கெட்டிலுக்குள் விட்டுப் பார்த்தேன். கெட்டிலுக்கு எத்தனை ஜுரம் என்று தெரிந்துகொள்ள ஆசை. அது பட்டென்று வெடித்தது. உடைந்த துண்டுகளை அக்காவின் பென்சில் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன். மூன்று நாள் அக்காவுக்குச் சரியான பாட்டு. அவள் நான் இல்லை, நான் இல்லை என்று அழுதாள். நான் வாயே திறக்கவில்லை.

மூன்றாம் நாள் இந்த மரத்தடியில் அம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள்: "யாரு பண்ணினதுன்னு இங்க சொல்லுங்க. இந்த மரத்தடில எதச் சொன்னாலும் திட்ட மாட்டேன். கேட்டத் தாண்டினப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். சத்தியம்."

சொல்லிவிட்டேன். அம்மாவின் மூக்கு விடைத்தது. முகம் சிவந்தது. அவளிடமிருந்துதானே எனக்கும் இந்தக் கோபம் வந்தது. ஆனால் அவள் தலையை அண்ணாந்து பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை திட்டவில்லை. இரும்புக் கதவைத் தாண்டியதும், "ஐஸ்கிரீம் வேணுமா?" என்றாள். அவ்வளவுதான். சாகும்வரை அந்தத் தெர்மாமீட்டர் பேச்சை அவள் எடுத்ததே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பூ வாரமும் எங்களுக்கு அதுதான் திருவிழா. மதிப்பெண் அட்டையில் அம்மா கையெழுத்தை நானே போட்டதைச் சொன்னேன். நூலகப் புத்தகத்தைப் பேருந்தில் விட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னதை அக்கா சொன்னாள். அம்மாவும் சொல்வாள். எதிர்வீட்டு அம்மாள் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர் தொலைந்துபோனது என்றது பச்சைப்பொய், பார்க்கச் சகிக்காமல் ஆஸ்பத்திரியில் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன் என்றாள். நாங்கள் இரண்டு பேரும் புல்லில் புரண்டு சிரித்தோம். வெளியே வந்து அந்த எதிர்வீட்டு அம்மாளைப் பார்த்தபோது மூவரும் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டோம். மற்ற வீடுகளில் அடி, உதை, கூச்சல். எங்கள் வீட்டில் மட்டும் இப்படி ஒரு சட்டம். எனக்கு அதில் அவ்வளவு பெருமை. என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நாட்கள் இல்லை, இன்றைக்கும் சொல்வேன்.

பத்து மணிக்கு அக்கா தெருவில் தயாராக நின்றாள். நல்ல கோட்டைப் போட்டிருந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், "மெதுவாப் போ" என்றாள்.

"எனக்கே கிளாஸ் எடுக்கிறியா?"

"மெதுவாப் போன்னா போயேன். நான் ஒருதடவை எல்லாத்தையும் பாத்துக்கிட்டே வரேன்."

மெதுவாகவே ஓட்டினேன். ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். அவள் வேலை பார்த்த மருந்துக்கடை செல்போன் கடையாகிவிட்டது. ஒவ்வொன்றையும் அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிக்னலில் பச்சை விழுந்தும் நான் கிளம்பவில்லை. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். வேறு நாளாக இருந்தால் இறங்கிப் போய் அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன்.

தோட்டத்து வாசலில் தெருவைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் போட்ட சத்தத்தில் பல்லெல்லாம் ஆடியது. உள்ளே நுழைந்து பத்தடி நடந்தோம், சத்தம் எங்கேயோ போய்விட்டது. அந்தச் சுவர்கள் எப்போதும் அப்படித்தான். தோட்டக்காரர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பெஞ்சில் ஒருவர் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கினார். வேறு யாரும் இல்லை.

அக்கா மரத்தடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். கிளை தெரியாமல் பூ. காற்றே இல்லாமல் ஒன்றிரண்டு இதழ் உதிர்ந்துகொண்டிருந்தது.

"அவரு இவ்ளோ பெருசா ஆயிட்டாரா?" என்றாள்.

"நீ மட்டும் என்ன, அப்படியேவா இருக்கே?"

சிரித்தாள். பெஞ்சில் உட்கார்ந்தோம். ஸ்வெட்டர் கதையை அவள் முதலில் எடுத்தாள், நான் கையெழுத்துக் கதையை எடுத்தேன். ஒருத்தி தொடங்கினால் மற்றவள் முடித்தாள். அரை மணி நேரம் இருக்கும். இப்போது சொல்லிவிடலாம், இதோ இப்போது என்று வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

"சட்டம் இன்னும் இருக்கா?" என்று அக்கா திடீரென்று கேட்டாள்.

"இல்லாம? இருக்கு."

"அப்ப நான் மொதல்ல சொல்றேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. எப்போதும் மூத்தவள் என்று முந்திக்கொள்வாள்.

"கடைசியா இங்க வந்தப்ப நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா உனக்கு?"

ஞாபகம் இருக்கிறதாவது! அக்காவுக்கு இருபத்து நாலு வயது. அம்மாவோடு வேலை பார்த்த ஒருவரின் தம்பிக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது. இதே மரத்தடியில் அக்கா, "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்மா" என்றாள். அம்மா அண்ணாந்து பூவைப் பார்த்தாள். பதினெட்டு வயசுக் கழுதை நான், குனிந்து என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மூவரும் எழுந்து வெளியே போனோம்.

"இருக்கு," என்றேன்.

"ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாங்கடி அம்மா. நான் கல்யாணம் வேண்டாம்னு சொல்றேன், எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுக்குறாங்க."

"அக்கா, அது சட்டம்கா. வெளிய போய்ப் பேசக் கூடாதுன்னுதானே..."

"சட்டம் தப்பு பண்றவங்களுக்குத்தானே? நான் என்ன தெர்மாமீட்டரையா உடைச்சேன்? உதவி கேட்டேன். வீட்ல கேக்க எனக்குத் தைரியம் வரல. இங்கன்னா எதையும் சொல்லலாமேன்னு இங்க வெச்சுக் கேட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அத்தான் நல்லவர்தானேக்கா..." என்றேன். என் வாயை ஊசி நூல் கொண்டு தைக்க வேண்டும்.

"நல்லவர்தான். அது வேற பேச்சு. நாப்பது வருஷம் ஒரு குறை வெக்கல. ஆனா அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் நீங்க ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் 'என்னடி, ஏன் அப்படிச் சொன்னே'ன்னு கேப்பீங்கன்னு பாத்தேன். ஆறு வாரம் பாத்துக்கிட்டே இருந்தேன். அம்மா என்னடான்னா துணி எடுக்குறாங்க. நீ என்னடான்னா விசில் அடிச்சுக்கிட்டுத் திரியுறே. அதுக்கப்புறம் எனக்கு இந்தப் பக்கம் வரவே பிடிக்கல. மகரந்தமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

எனக்குத் தலை நிமிரவில்லை. நாற்பத்திரண்டு வருஷமாக அந்த வார்த்தையை ஒரு உயிரிடமும் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று எனக்குள் ஒரு கர்வம் வேறு இருந்தது. கர்வமாம்! வெட்கமாக இருந்தது.

"அக்கா, அம்மா உன்னப் பத்தி ஒண்ணு சொன்னாங்க," என்றேன். "கடைசி வருஷம். சக்கர நாற்காலில இங்க தள்ளிக்கிட்டு வந்தேனே, அப்ப. இங்க சொன்னதுனால ஒன்பது வருஷமா உன்கிட்ட சொல்லல."

"இப்ப?"

"இப்ப நாம உள்ளதானே இருக்கோம்."

அவள் என்னையே பார்த்தாள்.

"'பெரியவ அன்னிக்குச் சொன்னத வெளிய வந்து ஒருதடவை சொல்லுவான்னு காத்துக்கிட்டே இருந்தேன்'னாங்க. 'சட்டத்த நானே போட்டேன், நானே எப்படி உடைக்கிறது? அவ வீட்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே எல்லாத்தையும் நிறுத்தியிருப்பேன். சொல்லலியே, மனசு மாறிட்டா போலன்னு இருந்துட்டேன்'னாங்க. அழுதாங்கக்கா."

அக்கா மடியில் விழுந்திருந்த இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெஞ்சில் வைத்தாள்.

"எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தப்ப," என்றேன், இதையும் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது, "அம்மா என்னை இந்தக் கேட்டுக்கு வெளிய இழுத்துட்டுப் போயி, பஸ்ஸெல்லாம் போற ரோட்டோரத்துல நிக்க வெச்சு, 'வேணுமா வேண்டாமா, இங்க நின்னு சொல்லு'ன்னாங்க. அப்ப எனக்கு ஏன்னு புரியல. வேண்டாம்னேன். அதோட விட்டுட்டாங்க."

"உன்கிட்ட கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

மடியிலிருந்த கடைசி இதழையும் எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். "பரவால்ல," என்றாள் கடைசியில். "ஒருத்திகிட்டயாவது கேட்டாங்களே." பிறகு என்ன நினைத்தாளோ, சிரிக்க ஆரம்பித்தாள். "நான் அவங்க கேப்பாங்கன்னு காத்துக்கிட்டு இருக்கேன், அவங்க நான் சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருக்காங்க. நல்ல குடும்பம்டி நம்மது!" சிரிப்பு அழுகையானது. அழுகை மறுபடி சிரிப்பானது. தூங்கிக்கொண்டிருந்தவர் செய்தித்தாளை விலக்கிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா என் பக்கம் திரும்பினாள். "சரி, உன் முறை. வந்ததுலேருந்து வாயத் தொறந்து தொறந்து மூடுறே. என்ன, சொல்லு."

சொல்ல வாயைத் திறந்தேன். 'போ' என்ற எழுத்து நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே சொன்னால் அக்கா அண்ணாந்து பூவைப் பார்ப்பாள். என் கையைத் தட்டிக் கொடுப்பாள். வெளியே போனதும் அந்தப் பேச்சு இருக்காது. வியாழக்கிழமை விமானம் ஏறுவாள். நான் சொல்லிவிட்டேன் என்று எனக்கு மனசு ஆறும். அதற்குத்தானா இத்தனை நாள் தவித்தேன்?

"இங்க சொல்ல மாட்டேன். எழுந்திரு."

"என்னடி இது? இப்பத்தான் முட்டிய மடக்கி உக்காந்திருக்கேன்."

"எழுந்திருக்கா!"

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தோட்டக்காரர் குழாயை ஒதுக்கி வழிவிட்டார். அக்கா ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். இரும்புக் கதவைத் தாண்டி, நடைபாதையில், தோண்டிப்போட்ட மண்ணுக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தினேன். இயந்திரம் காதைப் பிளந்தது. எத்தனையோ பேர் முதல் முதலாக ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தடுமாறுவதைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன், இப்போது என் முறை.

"போகாதே!" என்று கத்தினேன்.

தோண்டிக்கொண்டிருந்தவர் தன்னைச் சொல்கிறேன் என்று பதறிப்போய் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். "என்னம்மா?"

"உங்கள இல்லங்க, நீங்க உங்க வேலையப் பாருங்க!" அவர் மேலேயும் எரிந்து விழுந்தேன். பிறகு அக்காவிடம் திரும்பினேன். நிறுத்தினால் மறுபடி வராது என்று எனக்குத் தெரியும், அதனால் மூச்சு விடாமல் சொன்னேன். "அன்னிக்குத் தாராளமாப் போன்னு சொன்னது பொய். பச்சைப்பொய். அந்தத் தராசு வாங்கினது வீம்புக்கு. என் வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு, சாமானெல்லாம் எடுத்துப் போட்டுட்டு உனக்குக் கட்டில் போடுறேன். நீ போயிட்டேன்னா எனக்கு யாருமே இல்லக்கா. போகாதக்கா. இங்கயே இரு."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்களைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் போனார்கள். எனக்கு மூக்கில் ஒழுக ஆரம்பித்தது, கைக்குட்டை வண்டியில் இருந்தது. அவள் கோட்டுப் பையில் கையை விட்டாள். கைக்குட்டை எடுக்கிறாள் என்று நினைத்தேன். செல்போனை எடுத்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, ஒரு விரலால் மெதுவாகத் தட்டி, காதில் வைத்துக்கொண்டாள்.

"எழுப்பிட்டேனா? சரி, கேளு. வியாழக்கிழமை நான் வரல... இல்லம்மா, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு... தெரியும், டிக்கெட் போட்டிருக்கே, தெரியும். லீவுக்கு வந்து ஒரு மாசம் உன்கூட இருக்கேன்... உன் சித்தி போகாதேன்னு சொல்றா."

அந்தப் பக்கம் மகள் நிறையப் பேசினாள். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், இடது கையால் என் தோளிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டபடி.

"இல்லடி, வேற காரணம் ஒண்ணும் இல்ல," என்றாள். "போகாதேன்னு வாயத் தொறந்து சொல்லிட்டா. அது பத்தாதா?"